கறிவேப்பிலைக்குக் காவல்

மில் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு என் வீட்டுக்காரருக்குத் தோட்டத்தில்தான் குடித்தனம். கோரிமேட்டுப் பக்கம் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு முருங்கை, ஒரு மாதுளை, ஒரு கறிவேப்பிலை. அவ்வளவுதான் தோட்டம். வெயில் ஏற ஆரம்பித்ததும் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிடுவார். முருங்கைப்பூவுக்குத் தேன்சிட்டு வந்தது, கரிச்சான் வந்தது என்று அடுப்படிக்குக் குரல் வந்துகொண்டே இருக்கும். தேன்சிட்டா வந்து என் குழம்பைக் கிண்டப் போகிறது?

ஒரு நாள் பார்த்தால் கறிவேப்பிலை இலையெல்லாம் காக்கா எச்சம். கறுப்பும் வெள்ளையுமாக, சகிக்கவில்லை. தினம் தாளிக்கிற இலை இல்லையா? ட்யூபைப் பிடித்து அடித்துக் கழுவிவிட்டேன். மனிதர் எழுந்து ஓடிவந்தார்.

"என்னா காரியம் பண்ண? அது எச்சம் இல்லடி, பட்டாம்பூச்சி ஆவுற புழு. குருவி தின்னாம இருக்க அப்படி வேஷம் போட்டுக்குனு இருக்குது."

"குருவிய ஏமாத்துற வேஷம் என்னையும் ஏமாத்திடுச்சி. நான் என்னா பண்றது?" என்றேன்.

வாய்தான் அப்படிப் பேசியது. ஈர மண்ணில் அவர் குனிந்து தேடியதைப் பார்க்கப் பாவமாக இருந்தது. இலைக்கு அடியில் ஒன்றே ஒன்று மிஞ்சியிருந்தது. அது கூட்டை விட்டு வருவதை ஒரு தடவை கண்ணால் பார்த்தால் போதும் என்றார்.

அன்றிலிருந்து செடியில் யாரும் கை வைக்கக் கூடாது. ரசத்துக்கு ஒரு கொத்து கேட்ட எதிர்வீட்டம்மாவிடம் மருந்து அடித்திருப்பதாகப் பொய் சொன்னேன். வீட்டில் செடியை வைத்துக்கொண்டு கடையில் கறிவேப்பிலை வாங்கியவள் இந்தத் தெருவிலேயே நான் ஒருத்திதான். புழுவோ பச்சையாகி, கொழுத்து, பாதிச் செடியை மொட்டையடித்துவிட்டு ஒரு குச்சியில் கூடாகிவிட்டது. பத்து நாள் காவல். சோறுகூட நாற்காலிக்கே போனது.

பதினோராம் நாள் மோர்க்குழம்பு.

"ஏங்க, கருவேப்பில இல்ல. வாங்கியாங்க."

"அப்பறமா போறேனே."

"குழம்பு அதுவரைக்கும் நிக்காது."

முணுமுணுத்துக்கொண்டே சைக்கிளை எடுத்தார்.

தெருமுனையைத் தாண்டியிருக்க மாட்டார், கூடு வெடித்தது. கசங்கிய துணி மாதிரி வெளியே வந்து, குச்சியைப் பிடித்துத் தொங்கி, மெல்ல மெல்ல விரிந்தது. கறுப்பு இறகில் வரிசையாக வெள்ளைப் பொட்டு. போன் போட்டால் மணி நாற்காலி மேலேயே அடிக்கிறது. மனிதர் டீக்கடையில் நின்றுவிட்டார் போல. "இருடி, இப்ப வந்துடுவாரு" என்று அதனிடம் கெஞ்சினேன். எனக்கு அழுகையே வந்துவிட்டது. இறகு காய்ந்ததும் அது முருங்கைக்கு மேலே போய்விட்டது.

வந்தவர் வெறுங்கூட்டைப் பார்த்தார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

"நீ பாத்தியா?"

"பாத்தேன்."

"எப்படி இருந்துச்சி?"

"கறுப்பா... வெள்ளப் பொட்டு வச்சி." அதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

பையை நீட்டிவிட்டுத் திரும்பிக்கொண்டார். கட்டைப் பிரித்து உதறினேன். ஓர் இலையில் காக்கா எச்சம். கழுவக் குழாயைத் திறந்தவள், மூடினேன். கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தேன். நெளிந்தது.

அடுப்பை அணைத்தேன். அந்த இலையைக் கொண்டுபோய் எங்கள் செடியின் துளிருக்குள் செருகினேன். பிறகு நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டேன்.

"உக்காருங்க. இந்தத் தடவ கடைக்கு நான் போறேன்."