செருப்பு மாறிய குருத்தோலை ஞாயிறு

1992-ஆம் வருஷம், லெந்து என்னும் தவக்காலம் தொடங்கிய வாரம். என் கணவரின் வலது கால் பெருவிரலுக்கு அடியில் மிளகு அளவில் ஒரு புண்ணைப் பார்த்தேன். நான்தான் பார்த்தேன். அவருக்குத் தெரியவே இல்லை.

"ஏங்க, கால்ல ரத்தம் வருதே, எப்ப ஆச்சு?"

"ரத்தமா? வலிக்கலையே புள்ள. வலிக்காததெல்லாம் ஒரு புண்ணா?"

பேசியவருக்கு அறுபது வயது. தலைமை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். சர்க்கரை வியாதி வந்து ஒன்பது வருஷம். அந்த வியாதியில் பாதம் மரத்துப்போகும் என்பது அன்றைக்கு எங்கள் இருவருக்குமே தெரியாது. நானும் திருச்சுழியில் ஆசிரியைதான். படித்து என்ன பிரயோஜனம்?

அருப்புக்கோட்டையில் டாக்டர் புண்ணைச் சுத்தம் செய்து கட்டுப் போட்டார். "இனிமேல் வெறுங்காலோடு நடக்கவே கூடாது" என்றார். அதை நான் பிடித்துக்கொண்டேன். எம்.ரெட்டியபட்டிப் பக்கம் எங்களுக்கு இரண்டு ஏக்கர் பருத்திக்காடு உண்டு. வழி நெடுக சீமைக்கருவேல். அதிலே வெறுங்காலோடு நடந்தே பழகியவர் அவர். வாசலை விட்டு இறங்கும்போதெல்லாம் "செருப்பு, செருப்பு" என்று கத்துவேன். என் வாய்க்குப் பயந்து நீல வார் வைத்த ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டு போவார்.

புண் ஆறவில்லை. காலையில் கழுவிப் புதுக் கட்டுப் போடுவேன். சாயங்காலம் அதே இடத்தில் புதிதாக ஒரு பொட்டு ரத்தம்.

"செருப்பைக் கழட்டிப் போட்டுட்டுத்தானே காட்டுக்குள்ள நடந்தீக?"

"போட்டுத்தான் நடந்தேன். நம்பினா நம்பு, நம்பாட்டிப் போ."

நான் நம்பவில்லை. தினமும் சண்டை. ஐந்தாவது வாரம் புண்ணில் வாடை வந்தது. மதுரைக்குக் கூட்டிப்போனேன். அங்கே டாக்டர் இரண்டு வாரம் கெடு வைத்தார். அதற்குள் குணம் தெரியாவிட்டால் விரலை எடுக்க வேண்டும், விரலோடு நிற்கும் என்று சொல்ல முடியாது என்றார். பஸ்ஸில் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன். இவர் காரியாபட்டியில் இறங்கி டீ குடித்துவிட்டு வந்தார். சீனி போட்டு!

எங்கள் ஒரே மகள் அப்போது மதுரையில் விடுதியில் தங்கிப் படித்தாள். பரீட்சை நேரம். "அப்பா நல்லா இருக்காக" என்று கடிதத்தில் எழுதி எழுதி எனக்கே கூசியது. லீவுக்கு வரும் பிள்ளை முன்னால் கால் போன அப்பாவை எப்படி நிறுத்துவேன்?

அந்த நாட்களில் நான் செய்த ஜெபம் அழகான ஜெபம் இல்லை. "ஆண்டவரே, எத்தனை தடவதான் சொல்றது? என் பேச்சைக் கேக்க மாட்டேங்கிறாக. நீராவது அவுகளுக்குப் புத்தியைக் கொடும். உமக்கும் காது கேக்கலையா?" சொல்லிவிட்டுப் பயந்தேன். மறுநாளும் அதையேதான் சொன்னேன்.

கெடுவின் ஐந்தாம் நாள் குருத்தோலை ஞாயிறு. ஆராதனை முடிந்து எல்லாரும் ஓலையோடு வெளியே வந்தோம். ஆலய வாசலில் செருப்புகள் குவிந்து கிடந்தன. தறிக்கூடத்தில் வேலை பார்க்கும் தேவசகாயம் அண்ணனும் அதே நீல வார்ச் செருப்புதான் போடுவார். ஒரு ஜோடியை மாட்டிக்கொண்டு ஓர் எட்டு வைத்தார்.

"அய்யோ! எவன்லே செருப்புல ஆணிய அடிச்சு வச்சது?"

ஒற்றைக் காலில் குதித்தார். என் கணவர் சாவகாசமாக, "அது என் செருப்பு தேவசகாயம். நல்லாத்தானே இருக்கு, இங்க பாரு" என்று அதை வாங்கிப் போட்டுக்கொண்டு, அழுத்தி மிதித்து நாலு எட்டு நடந்து காட்டினார். "எங்க குத்துது?"

எல்லாரும் சிரித்தார்கள். நான் அவர் காலைப் பார்த்தேன். காலையில் நான் போட்ட வெள்ளைக் கட்டுத்துணியில், விரலுக்கு அடியிலிருந்து, சிவப்பாக ரத்தம் ஊறிக்கொண்டிருந்தது.

அந்தச் செருப்பைப் பிடுங்கிக் கையில் எடுத்தேன். "டீச்சர், செருப்பையா கையில தொடுறீக?" என்று யாரோ சொன்னார்கள். மேலே பார்த்தால் ஒன்றுமில்லை. விரலால் அழுத்தியதும் முள்முனை எட்டிப் பார்த்தது. அடியில் ஏறி ஒடிந்த கருவேல முள். மிதித்தால் மேலே வரும், காலை எடுத்தால் உள்ளே போய்விடும். கொண்டை ஊசியால் நெம்பி எடுத்தோம். ஓர் அங்குலம் இருந்தது.

அத்தனை நாளும் அவர் பொய் சொல்லவில்லை. செருப்பு போட்டுத்தான் நடந்திருக்கிறார். போடு போடு என்று அவரை முள்மேல் ஏற்றி நிறுத்தியது நான். அவருக்குப் புத்தி கேட்டேன். எனக்கல்லவா அது தேவையாக இருந்தது! வலி தெரியாத மனிதருக்காகக் கர்த்தர் இன்னொருவரைக் கத்த வைத்தார். தேவசகாயம் அண்ணனுக்கு ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுவிட்டு வந்தோம். "நீங்க ஜெபம் பண்ணுவீக, குத்து நான் வாங்கணுமா டீச்சர்?" என்று இன்றும் கேலி செய்கிறார்.

புதன்கிழமை சாயங்காலம் கட்டுத்துணியில் ரத்தம் இல்லை. ஈஸ்டருக்கு வந்த மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "ஏம்மா என்கிட்ட மறைச்ச?" என்று என்னைத்தான் திட்டினாள். கெடு முடிந்த அன்று மதுரை டாக்டர், "சதை வளருது. விரலை எடுக்க வேண்டாம்" என்றார். அங்கேயே சுவரைப் பிடித்துக்கொண்டு ஸ்தோத்திரம் சொன்னேன். முழுக்க ஆற ஆடி மாசம் ஆனது.

இப்போது தினமும் காலை ஜெபம் முடிந்ததும் ஜன்னல் வெளிச்சத்தில் அவர் பாதத்தைத் தூக்கிப் பார்க்கிறேன். விரல் இடுக்குகளைத் துடைக்கிறேன். செருப்பைத் திருப்பிப் பார்த்து, உள்ளே அழுத்திப் பார்க்கிறேன். "போலீஸ் சோதனை" என்று முனகுகிறார். முனகட்டும். சபையின் பெண்கள் ஐக்கியத்திலும் இதைச் சொல்கிறேன். "போங்க டீச்சர், காலையெல்லாமா காட்டுவாக" என்று வெட்கப்படுகிறார்கள். எனக்கு எரிச்சல் தாங்கவில்லை.

சகோதர சகோதரிகளே, வீட்டில் சர்க்கரை உள்ள பெரியவர்கள் "வலிக்கல" என்றால் நம்பாதீர்கள். குனிந்து பாருங்கள். கர்த்தரிடமும் கேளுங்கள். பணிவாகக் கேட்க வரவில்லையே என்று தயங்க வேண்டாம். நான் சண்டை போட்டுத்தான் கேட்டேன். அதற்காக அவர் என்னைத் தள்ளிவிடவில்லை. என் கணவர் காலில் ஐந்து விரலும் இருக்கின்றன.