தென்மேற்கில் கடல்

ஒரு தீவை வாங்குவதற்கு முன் அதை நேரில் பார்க்க வேண்டிய அவசியமில்லை என்பதை நான் கலிஃபோர்னியாவின் பிளசன்டனில்தான் தெரிந்துகொண்டேன். கம்பெனிகள் ஊழியர்களுக்குத் தந்த ஸ்டாக் ஆப்ஷன்களின் மதிப்பு ஏறிக்கொண்டிருந்த காலம். முந்தைய ஆண்டுவரை தள்ளுபடிக் கூப்பன் வெட்டி டயர் மாற்றியவர்கள், பசிபிக்கில் விலைக்கு வந்த தீவுகளை இன்டர்நெட்டில் புரட்டிக்கொண்டிருந்தார்கள். தென்னை, வெண்மணல், ஆளரவமில்லை. ரிசார்ட் கட்ட ஏற்றது என்றது விளம்பரம். குடிநீர் கிடைக்குமா என்று கேட்டேன். அது இரண்டாம் கட்டம் என்றார்கள்.

சனிக்கிழமைக் கூட்டங்கள் என் வீட்டில் நடந்தன. என் மனைவி இறந்து சில மாதங்களே ஆகியிருந்தன. பெரிய வீடு, சத்தம் போட்டாலும் கேட்க ஆளில்லை. ஆட்களைக் கூட்டியவன் அவளுடைய தம்பி, சிப் வடிவமைக்கும் எஞ்சினியர். தீவில் பங்கு சேர என்னிடமிருந்தது அந்த வீடு மட்டுமே.

“வித்துருங்க அத்தான். இவ்வளவு பெரிய வீட்டுல தனியா என்ன செய்யப் போறிய? தீவுல உங்களுக்குன்னு ஒரு வில்லா. சுத்தி நம்ம ஆளுவதான்.”

அவள் பார்த்து வாங்கிய வீடு அது. அதை விற்றுவிட்டால், அவள் இருந்த இடம் என்று காட்ட எனக்கு வேறொன்றும் இல்லை. இருந்தும் நான் மறுக்கவில்லை. அந்நாட்களில் மறுப்பதும் ஓர் உழைப்பாக இருந்தது. அடுத்த வாரம் வீட்டுத் தரகரை அழைத்துவருவதாகச் சொன்னான்.

இதற்கிடையே தீவு வளர்ந்துகொண்டிருந்தது. முதலில் பிள்ளையார் கோயில், பிறகு சைவ உணவகம். மாவரைக்கும் கிரைண்டரை ஜெனரேட்டர் தாங்குமா என்று ஒரு மாலை முழுவதும் வாதிட்டார்கள். முன்பணம் அனுப்புமுன் பாக்கியிருந்தது வாஸ்து ஒன்றுதான். நிபுணர் திருநெல்வேலியில் இருந்தார். அங்கே ஞாயிறு காலை. ஸ்பீக்கர் ஃபோனில் பிடித்தார்கள்.

“மனைக்குத் தெற்க என்ன இருக்கு?”

“கடல் சார்,” என்றான் மைத்துனன்.

“மேற்க?”

“அதுவும் கடல்தான் சார். தீவுல்லா!”

“இருக்கட்டும் தம்பி. கன்னி மூலையில தண்ணி ஆகவே ஆகாது. தென்மேற்கு மேடா இருக்கணும்.”

டாக்டர் பட்டம் பெற்றவர்கள் வரைபடத்தின் மீது குனிந்தார்கள். தீவைத் திருப்பி வைக்க முடியாது என்ற முடிவுக்கு வர அவர்களுக்குச் சற்று நேரம் பிடித்தது.

“சார், சவுத்லயும் வெஸ்ட்லயும் பெரிய காம்பவுண்ட் வால் கட்டிட்டா?” என்றார் சென்னைக்காரர் ஒருவர்.

“கடல் கண்ணுல படாத உயரம் வேணும்.”

“அப்போ நார்த் ஈஸ்ட் ரூமுக்கு மட்டும் சீ வியூ. ரேட்ட ஏத்திக்கலாம்!”

எல்லோரும் சிரித்தார்கள், சிலர் குறித்தும் கொண்டார்கள். நிபுணர் இணங்கவில்லை. நாற்புறமும் நீர் சூழ்ந்த மனையைச் சாஸ்திரம் ஏற்காது என்றார். குடிநீரைப் பற்றிக் கவலைப்படாத சபை இதை மறுபேச்சின்றி ஏற்றது. தீவு கைவிடப்பட்டது.

அழைப்பு வீணாகக் கூடாதென்று நினைத்தாரோ என்னவோ, சென்னைக்காரர் மேலும் கேட்டார்: “சார், இப்போ நாங்க உக்காந்துட்டு இருக்கற வீட்டுல, சவுத்வெஸ்ட்ல ஸ்விம்மிங் பூல் இருக்கு. பரவாயில்லையா?”

“வீட்டுப் பொம்பளைக்கு ஆகாதே,” என்றார் நிபுணர். “அவுக நல்லா இருக்காவளா?”

ஃபோன் ஹலோ ஹலோ என்றது. நான் எழுந்துபோய், நன்றி சொல்லி, அணைத்தேன். பிள்ளைகளை வகுப்பிலிருந்து அழைத்துவர வேண்டியது பங்குதாரர்கள் எல்லோருக்கும் ஒரே சமயத்தில் நினைவுக்கு வந்தது.

மைத்துனன் மட்டும் நின்றான்.

“இப்பமாவது வித்துருங்க அத்தான்.”

“தீவுதான் இல்லன்னு ஆயிட்டே.”

“தீவு கெடக்கு. எனக்குப் பயமா இருக்கு. அக்காவும் போயிட்டா. நீங்களும்...”

அதுவரை அவன் எனக்கு ஒரு வில்லாவை விற்கப் பார்க்கிறான் என்றே நினைத்திருந்தேன். அவன் முகத்தில் பயத்தோடு ஒரு நிம்மதியும் இருந்தது: அக்காளின் சாவுக்குக் கடைசியில் ஒரு காரணம் கிடைத்த நிம்மதி. ஒரு கணம் எனக்கும் அதில் ஆசை வந்தது. புற்றுநோயைவிட ஒரு நீச்சல் குளத்தை வெறுப்பது எளிது.

“அவளுக்கு வந்தது நோய். குளத்துக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல,” என்றேன். “நான் வீட்ட விக்கப் போறதில்ல. தரகர வரவேண்டாம்னு சொல்லிரு. நீ மட்டும் வா.”

தலையசைத்தான், நம்பினானா என்று தெரியவில்லை. பிறகு, இறைந்து கிடந்த பேப்பர் பிளேட்டுகளைப் பொறுக்க ஆரம்பித்தான். குப்பைப் பையை நான் விரித்துப் பிடித்தேன்.