அறுந்த கேஸட்டும் நான் சொன்ன பொய்யும்

இது நான் சொல்லும் இரண்டாவது சாட்சி. முதல் சாட்சியைப் போன வருஷம் ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்களில், இதே பெண்கள் ஐக்கியக் கூட்டத்தில் நின்று சொன்னேன். உங்களில் சிலர் அழுதீர்கள். ஒரு அக்கா என் இரண்டு கையையும் பிடித்து முத்தம் கொடுத்தார். அன்றைக்கு நான் சொன்னது பொய். ஆண்டவர் பெயரைச் சேர்த்துச் சொன்ன பொய். அதைத்தான் இன்றைக்குச் சொல்ல வந்திருக்கிறேன். தலை நிமிர்ந்து சொல்ல முடியவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

என்னைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். என் பெயர் ரெஜினா. ஈப்போ பக்கம் குனோங் ராபாட்டில் தனியாக இருக்கிறேன். பிறந்தது செமோர் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டம். தோட்டத்து ஜெபவீட்டில் அப்பா ஆர்மோனியம் வாசிப்பார், நான் பாடுவேன். ஈப்போவுக்கு வந்த பிறகும் சபைப் பாடகர் குழுவில் இருபது வருஷம் பாடினேன். துணித் தொழிற்சாலையில் வேலை, ஞாயிற்றுக்கிழமை பாட்டு. அதுதான் என் வாழ்க்கை. ஆறு வருஷத்துக்கு முன்னால் தைராய்டு ஆபரேஷன் செய்தார்கள். உயிர் பிழைத்தேன், குரல் போய்விட்டது. இப்போது நீங்கள் கேட்கிற இந்தக் கரகரப்புதான் மிச்சம்.

பாட முடியாமல் போனதும் கை சும்மா இருக்க மறுத்தது. ஒரு பாட்டின் மெட்டை அப்படியே நூலில் தைத்துப் பார்த்தேன். ஸ்வரம் மேலே போனால் நூல் முடிச்சும் மேலே போகும், இறங்கினால் இறங்கும். நீட்டிப் பாடுகிற இடத்தில் ஒரு நீளத் தையல். பிளவுஸ் கையோரத்திலோ, குர்த்தாவின் கீழோரத்திலோ தைத்தால் பார்ப்பவர்களுக்கு அது பூ வேலை மாதிரி இருக்கும். போட்டிருப்பவருக்கு மட்டும் அது ஒரு பாட்டு என்று தெரியும். தோழி ஒருத்தி படம் எடுத்து ஹேண்ட்போனில் போட்டாள். ஆர்டர் வர ஆரம்பித்தது. தொழிற்சாலை வேலையை விட்டேன். வெட்டுவது, தைப்பது, பொட்டலம் கட்டுவது எல்லாம் நான் ஒருத்திதான். ஜனங்கள் தாங்கள் பாடியதையும், பிள்ளைகள் பாடியதையும் ரெக்கார்டு செய்து அனுப்புவார்கள். நான் கேட்டுத் தைத்துக் கொடுப்பேன். எனக்குப் பெருமை ஏறிவிட்டது. யார் வந்தாலும் முடியாது என்று சொன்னதில்லை.

அந்த முதல் சாட்சிக்கு முந்தின வருஷம் தீபாவளிக்கு ஒரு மாதம் இருக்கும்போது தைப்பிங்கிலிருந்து ஒருவர் வந்தார். பெயர் முனியாண்டி. அறுபது வயதிருக்கும், ஆஸ்பத்திரியில் அட்டெண்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவரும் தோட்டத்து ஆள்தான். சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையில் சுற்றிய ஒரு கேஸட்டை எடுத்தார். அவருடைய மனைவி லெட்சுமி தங்கள் பெண் குழந்தையைத் தாலாட்டிப் பாடியது அதில் இருக்கிறதாம். தோட்டத்து வீட்டில், பக்கத்து வீட்டு கேஸட் ரேடியோவை இரவல் வாங்கிப் பதிந்தது. குழந்தைக்கு இரண்டு வயது ஆகும்போது அந்த அம்மா இறந்துவிட்டார். அதன் பிறகு இரண்டே தடவைதான் போட்டுக் கேட்டாராம். இரண்டு தடவையும் பாதியிலேயே நிறுத்திவிட்டாராம், கேட்க முடியாமல்.

இப்போது அந்தப் பிள்ளை தர்ஷினிக்குத் தை மாதம் கல்யாணம். கல்யாண பிளவுஸ் கையில் அம்மாவின் தாலாட்டு இருக்க வேண்டும். அப்படியே கேஸட்டை ஹேண்ட்போனிலும் ஏற்றித் தர வேண்டும்.

"வேற யார்கிட்டயும் இதைக் கொடுத்ததில்ல தங்கச்சி. ஒண்ணுதான் இருக்கு, பார்த்துக்குங்க," என்றார்.

"நீங்க கவலையே படாதீங்க அண்ணே," என்றேன்.

கேஸட்டை அலமாரியில் வைத்தேன். தீபாவளி ஆர்டர் வந்தது, பிறகு கிறிஸ்துமஸ் ஆர்டர். கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போதுதான் அதை எடுத்தேன். வீட்டில் அப்பா காலத்து ரேடியோ ஒன்று இருந்தது, பல வருஷமாக யாரும் தொடாதது. துடைத்துக்கூடப் பார்க்காமல் கேஸட்டைப் போட்டேன். ஒரு பெண் குரல் வந்தது. ஒரு வரி. ஒரே ஒரு வரி. அப்புறம் குரல் குழறி, அமுங்கி, நின்றது. உள்ளே டேப் சுருண்டுகொண்டிருந்தது. அப்போதே யாரையாவது கூப்பிட்டிருக்கலாம். நான் பயத்தில் கேஸட்டைப் பிடித்து இழுத்தேன். அறுந்தது.

கசங்கின டேப்பைக் கையில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன். அழக்கூட வரவில்லை. எல்லாவற்றையும் அள்ளி ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு மூடினேன். உடனே முனியாண்டி அண்ணனுக்குப் போன் போட்டிருக்க வேண்டும். நான் போடவில்லை. இரண்டு நாள் கழித்து ஊசியை எடுத்தேன். சண்டே ஸ்கூலில் நான் படித்த ஒரு பாட்டின் மெட்டை அந்த பிளவுஸ் கையில் தைத்தேன். யாருக்குத் தெரியப்போகிறது, எல்லாம் முடிச்சுதானே என்று என் மனதுக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அண்ணன் வாங்க வந்தார். மேசையில் விரித்துக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, எங்கிருந்து தொடங்குகிறது என்று கேட்டார். காட்டினேன். முதல் முடிச்சில் கட்டை விரலை வைத்தார். மெதுவாக நகர்த்திக்கொண்டே போனார். வாய்க்குள் எதையோ முனகினார். முடிச்சுகள் மேலே ஏறுகிற ஒரு இடத்தில் விரலை நிறுத்தினார்.

"ஆமா, இங்கதான் லெட்சுமி குரலைத் தூக்கும்," என்றார்.

நான் தலையாட்டினேன். ஐக்கியத்துச் சகோதரிகளே, நான் தலையாட்டினேன். கேஸட் எங்கே என்று கேட்டார். ஹேண்ட்போனில் ஏற்ற கோலாலம்பூரில் ஒருவரிடம் கொடுத்திருப்பதாகச் சொன்னேன். அதையும் நம்பினார். கும்பிட்டுவிட்டுப் போனார்.

கல்யாணப் படம் வந்தது. தர்ஷினி கையை உயர்த்தி அந்த ஓரத்தைக் காட்டிச் சிரித்தாள். இறந்துபோன அம்மாவின் தாலாட்டு என்று எழுதியிருந்தாள். ஆயிரம் பேர் பார்த்தார்கள், பாராட்டினார்கள். அந்தப் படத்தைப் பார்த்துத்தான் நம் ஐக்கியத்தில் என்னைச் சாட்சி சொல்லக் கூப்பிட்டீர்கள். குரலை எடுத்துக்கொண்ட ஆண்டவர் என் கைக்குப் பாட்டைக் கொடுத்தார் என்று நானும் வந்து சொன்னேன். அந்தப் படத்தையும் காட்டினேன்.

அன்றிலிருந்து எனக்கு ஜெபம் வரவில்லை. திருவிருந்து ஞாயிறுகளில் தலைவலி என்று வீட்டிலேயே இருந்தேன். தைக்க உட்கார்ந்தால் விரல் ஊசியைப் பிடிக்கும், மனது அண்ணனுடைய அந்தக் கட்டை விரலையே பார்க்கும். அண்ணன் மாதத்துக்கு ஒரு தடவை குரல் செய்தி அனுப்புவார். கேஸட் வந்துவிட்டதா, அவசரமில்லை தங்கச்சி, முடியும்போது சொல்லுங்க என்பார். ஒருநாள்கூடக் கோபப்பட்டதில்லை. ஒவ்வொரு தடவையும் ஒரு புதுக் காரணம் சொன்னேன். அப்போது நான் செய்த ஜெபம் என்ன தெரியுமா? ஆண்டவரே, அவர் அதை மறந்துபோக வேண்டும். சொல்ல நாக்குக் கூசுகிறது. ஒரு மனிதர் தன் மனைவியின் குரலை மறந்துபோக வேண்டும் என்று நான் ஜெபித்தேன்.

ஆகஸ்ட் மாதத்தில் இன்னொரு செய்தி வந்தது. தர்ஷினிக்கு ஐந்து மாதமாம். பிள்ளை பிறப்பதற்குள் அம்மாவின் தாலாட்டைக் கேட்டுப் படித்துக்கொள்ள வேண்டும் என்கிறாளாம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போன் செய்வதாகச் சொல்லியிருந்தார்.

அந்த ஞாயிறு காலை நான் சபைக்குப் போகவில்லை. சமையலறையில் உலை கொதித்துக்கொண்டிருந்தது. அரிசியைக் களைந்த கையோடு அப்படியே நின்றேன். பல மாதத்துக்குப் பிறகு உண்மையாக ஒரு வார்த்தை வந்தது. ஆண்டவரே, என்னைக் காப்பாற்ற வேண்டாம். என் பெயர் கெட்டுப்போகட்டும். இந்தத் தடவை என் வாயில் பொய் வராமல் பாருங்கள். அவ்வளவுதான் ஜெபம். ஆமென்கூடச் சொல்லவில்லை.

மத்தியானம் போன் வந்தது. கோலாலம்பூர் ஆள் ஊருக்குப் போயிருக்கிறார் என்று சொல்ல எல்லாம் தயாராக வைத்திருந்தேன். வாயைத் திறந்தேன். குரல் வரவில்லை. ஆபரேஷனுக்குப் பிறகு எனக்கு அப்படி ஆவதுண்டு. ஆனால் அன்றைக்கு நின்ற மாதிரி நின்றதில்லை. அண்ணன் அங்கே ஹலோ, ஹலோ என்கிறார். இருமி இருமிக் கடைசியில் குரல் திரும்பியபோது வந்தது வேறு வார்த்தை.

"அண்ணே, கேஸட் அறுந்துபோச்சு. நான்தான் அறுத்தேன். கல்யாணத்துக்கு முன்னயே."

நாளைக்கு வாரேன் அண்ணே, நேரில் சொல்கிறேன் என்றேன். சரி என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் பிஸ்கட் டின்னை மடியில் வைத்துக்கொண்டு தைப்பிங் பஸ்ஸில் போனேன். அங்கே எப்போதும் போல மழை. பாதி நனைந்து அவர் வீட்டு வாசலில் நின்றேன். தர்ஷினியும் அங்கே இருந்தாள். இருவர் முன்னாலும் எல்லாவற்றையும் சொன்னேன். கேஸட், கோலாலம்பூர் பொய், சபையில் சொன்ன சாட்சி, எல்லாம். தைத்தது அவர்கள் அம்மாவின் தாலாட்டு அல்ல என்று சொன்னபோதுதான் அந்தப் பிள்ளை நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்ப கல்யாணத்தன்னிக்கு நான் போட்டிருந்தது என்ன ஆன்ட்டி?"

அது நான் சின்ன வயதில் படித்த பாட்டு என்றேன். உள்ளே போனாள். பிளவுஸையும் ஒரு சின்னக் கத்தரிக்கோலையும் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள்.

"பிரிச்சிடுங்க. இங்கயே உட்கார்ந்து பிரிங்க."

பிரித்தேன். ஒவ்வொரு முடிச்சாக. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. நான் தைத்த வேலையிலேயே அழகான வேலை அது, அதுவும் எனக்கு வெட்கமாக இருந்தது. நடுவில் அண்ணன் கோப்பி கலக்கிக் கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். அதுதான் என்னை உடைத்தது. அங்கேதான் அழுதேன்.

பிரித்து முடித்ததும் அண்ணன் பிஸ்கட் டின்னைத் திறந்தார். டேப்பை விரலில் எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார்.

"அறுந்தா ஒட்டலாம் தங்கச்சி. தோட்டத்துல எத்தனை கேஸட் ஒட்டியிருக்கோம். நீங்க அன்னிக்கே சொல்லியிருந்தா..." என்றார்.

ஒட்டலாம் என்பது எனக்குத் தெரியவே தெரியாது. நான் யாரிடமும் கேட்கவில்லையே. கேட்டால் வெளியே தெரிந்துவிடும் என்று மூடி வைத்திருந்தேன். அந்தக் குரல் ஏழெட்டு மாதம் என் வீட்டு டின்னுக்குள்ளேயே இருந்திருக்கிறது. என் வெட்கம்தான் அதை வெளியே விடவில்லை.

தைப்பிங் டவுனில் பழைய ரேடியோ ரிப்பேர் செய்கிற ஒரு சீனர் இருந்தார். மறுநாள் நான் திரும்ப வந்தேன், மூவரும் போனோம். கசங்கிப் பாழான ஒரு துண்டை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு மீதியை ஒட்டி வேறு கூட்டில் மாற்றினார். தன்னுடைய மெஷினில் போட்டு, அப்படியே தர்ஷினியின் ஹேண்ட்போனிலும் ஏற்றினார்.

பாட்டு வந்தது. முதல் வரி முடிந்ததும் ஒரு தாவல், பிறகு மீதிப் பாட்டு. மெல்லிய குரல். அண்ணன் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். பாட்டு முடிந்தது. ரிப்பேர்க்காரர் நிறுத்தப் போனார். அதற்குள் அந்த அம்மா பேசினார். பாடவில்லை, சாதாரணமாகப் பேசினார்.

"போதும், நிறுத்துங்க. தர்ஷினி தூங்கிருச்சு."

அண்ணன் இரண்டு தடவையும் பாதியில் நிறுத்தியதால் அது அவருக்கே ஞாபகத்தில் இல்லை. அந்தப் பிள்ளை தன் அம்மா தன் பெயரைச் சொல்லிக் கேட்டது அன்றைக்குத்தான் முதல் தடவை. கடைக்காரருக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் கேட்காமலே இன்னொரு தடவை போட்டார்.

பொய் சொல்லாமல் இருக்கத்தான் நான் ஜெபித்தேன். கேஸட்டுக்காக நான் கேட்கவே இல்லை, கேட்க எனக்கு யோக்கியதையும் இல்லை. கேட்காததையும் அவர் கொடுத்தார். எனக்காகக் கொடுத்தார் என்று சொல்ல மாட்டேன். அந்தப் பிள்ளைக்காகக் கொடுத்தார், என்னைப் பக்கத்தில் நிற்க விட்டார்.

ஒரு மாதம் கழித்து அண்ணன் அந்த பிளவுஸை என்னிடம் கொண்டுவந்து கொடுத்தார். மகள் கொடுக்கச் சொன்னாளாம். அந்தத் தாலாட்டைத் தைத்தேன். டேப்பில் இல்லாத இடத்தை நானாக நிரப்பவில்லை. அங்கே இரண்டு விரல் அகலத்துக்குத் துணி வெறுமையாகவே இருக்கிறது. என்னால் ஆன குறை அது.

இப்போது ஒரு நேரத்தில் ஒரு ஆர்டர்தான் எடுக்கிறேன். எந்தப் பாட்டு வந்தாலும் அதைப் பத்திரப்படுத்திய பிறகுதான் கேட்பேன். புரியாத இடம் இருந்தால் புரியவில்லை என்று எழுதிக் கொடுப்பேன். இதையெல்லாம் தெரிந்து சிலர் ஆர்டரைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். அது நியாயம்தான். போன மாதம் திருவிருந்துக்கு வந்தேன். அப்பத்தையும் ரசத்தையும் வாங்கினேன்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் தர்ஷினிக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. அண்ணன்தான் சொன்னார். தர்ஷினி இன்னும் என்னோடு பேசவில்லை. பேச வேண்டும் என்று எனக்கு ஆசை. நீங்களும் ஜெபத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். அவள் பேசாமலே போனாலும் நான் ஆண்டவரைக் குறை சொல்ல மாட்டேன்.

என்னை மாதிரி எதையோ மூடி வைத்துக்கொண்டு இங்கே உட்கார்ந்திருக்கிறவர் ஒருவராவது இருப்பார். அவருக்காகத்தான் எழுந்து நின்றேன். யாரிடம் சொல்ல வேண்டுமோ அவரிடம் போய்ச் சொல்லுங்கள். பயமாகத்தான் இருக்கும். தைப்பிங் போய்ச் சேரும்வரை நானும் பயந்துகொண்டேதான் போனேன். ஆண்டவர் அந்தப் பயத்தை எடுத்துவிடவில்லை. பக்கத்து சீட்டில் உட்கார்ந்து கூடவே வந்தார்.