கஸ்தூரி கெடுக்காத மருந்து

நான் பொய் சொன்னேன். இரண்டே வார்த்தை. "மாத்திட்டேன் சார்." அதனால் ஒரு பெண்ணின் வேலை போயிற்று, அதனால்தான் எனக்கு டாக்டர் பட்டம் வந்தது!

முதலில் இதையும் சொல்லிவிடுகிறேன். நான் சந்தோஷமாகத்தான் இருக்கிறேன். மாடம்பாக்கத்தில் சொந்த வீடு, வாசலில் ஒரு வேப்பமரம், நான் பாட ஆரம்பித்தால் டிவியை அணைத்துவிட்டுக் கேட்கும் கணவர், கல்லூரியில் பாடம் நடத்தும் வேலை. கண்ணீரும் கம்பலையுமாக ஒருத்தி வந்து நிற்பாள் என்று எதிர்பார்த்தீர்களானால்... மன்னிக்க வேண்டும், நான் அவளில்லை.

இரண்டாயிரங்களின் நடுப்பகுதி. தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலில் ஆராய்ச்சிக்கூடத்துக்குப் போய்வந்த காலம். எங்கள் வேலை, புற்றுநோய்ச் செல்களை ஒளியால் கொல்வது. கேட்க வேடிக்கையாக இருக்கும். தட்டில் வளர்க்கும் செல்களுக்கு ஒரு மருந்தைக் கொடுப்போம். இருட்டில் அது சும்மா கிடக்கும். சிவப்பு ஒளி பட்டதும் விழித்துக்கொண்டு, தான் குடியிருக்கும் செல்லையே நாசம் செய்யும். ஆகவே மருந்துப் புட்டிமேல் முன்கூட்டியே வெளிச்சம் படக் கூடாது; பட்டால் மருந்து கெட்டுவிடும்.

அந்தப் புட்டி கஸ்தூரியின் பொறுப்பு. கோவளத்துப் பக்கம் மீனவக் குடும்பம். அப்பா கடலுக்குப் போவார். அம்மா ராஜகீழ்ப்பாக்கம் சந்திப்பில் மீன் விற்பார். வீட்டில் முதல் பட்டதாரி இவள்தான். எங்களிடம் ஒப்பந்த உதவியாளராகச் சேர்ந்திருந்தாள். புட்டிக்கு அலுமினியத் தாளைச் சுற்றி, அதன்மேல் தானே தைத்த கறுப்புத் துணிப்பை ஒன்றையும் மாட்டியிருந்தாள். "இன்னா வெயிலு அடிச்சாலும் இதுக்குள்ள பூராதுக்கா" என்பாள்.

என் பொறுப்பு, செல்களுக்குச் சோறு போடுவது. அதாவது, அவை மிதக்கும் 'மீடியம்' என்ற சத்துத் திரவத்தை இரண்டு மூன்று நாளைக்கொருமுறை மாற்ற வேண்டும். நல்ல சிவப்பாக இருக்கும் திரவம், சத்துத் தீர்ந்தால் மஞ்சளாகிவிடும்.

அந்தக் கிறிஸ்துமஸ் விடுமுறையில் என் முறை. நான் போகவில்லை. ஏன்? சபைப் பாடகர் குழுவில் முதல் தடவையாக எனக்குத் தனிப்பாட்டு கொடுத்திருந்தார்கள்! ஒத்திகை, வீடு வீடாகப் போய்ப் பாடும் கேரல் ரவுண்ட்ஸ், வீட்டில் கேக்... செல்களின் ஞாபகமே வரவில்லை என்று சொன்னால் அதுவும் பொய். வந்தது. நாளைக்குப் போகலாம், நாளைக்குப் போகலாம் என்று இருந்துவிட்டேன்.

திரும்பி வந்து பார்த்தால் தட்டெல்லாம் மஞ்சள்! யாரும் வருவதற்குள் கொட்டிவிட்டுப் புதுத் திரவம் ஊற்றினேன். அன்றைக்கே சோதனை. கஸ்தூரி மருந்து கலந்தாள், விளக்கைப் போட்டோம். மறுநாள் பார்த்தால், சாக வேண்டிய செல்களில் பாதிக்குமேல் ஜம்மென்று உட்கார்ந்திருந்தன.

எங்கள் பேராசிரியர் என்னைத்தான் முதலில் கேட்டார். "லீவுல மீடியம் ஒழுங்கா மாத்தினியாம்மா?"

"மாத்திட்டேன் சார்."

அப்புறம் மிச்சமிருப்பது மருந்துதானே? "அப்ப மருந்துதான் வெளிச்சம் பட்டுக் கெட்டிருக்கு" என்று கஸ்தூரி பக்கம் திரும்பினார். "இல்ல சார், பைய வுட்டு வெளியவே எடுக்கல சார்" என்றாள். மறுபடியும் அதையே சொன்னாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் மைக்ராஸ்கோப்பைத் துடைத்துக்கொண்டிருந்தேன்... துடைக்க அதில் ஒன்றுமே இல்லை.

அவளுடைய ஒப்பந்தத்தை அதன்பின் நீட்டிக்கவில்லை.

இத்தோடு நின்றிருந்தால் கோழைத்தனம் என்று சொல்லித் தப்பியிருப்பேன். நிற்கவில்லை. அவள் போன பிறகு அதே புட்டி மருந்தை, ஒழுங்காகச் சோறு போட்ட செல்களுக்குக் கொடுத்துப் பார்த்தேன். செத்தன! வேண்டுமென்றே பட்டினி போட்ட செல்களுக்குக் கொடுத்தேன். பிழைத்தன! மருந்து நல்ல மருந்து. எனக்குத் தெரிந்துவிட்டது... அப்போதாவது வாயைத் திறந்தேனா?

திறந்தேன். பேராசிரியரிடம் ஓடி, "எனக்கொரு ஐடியா சார்" என்றேன்!

பசித்த செல் தன்னையே தின்னும். தனக்குள் பழையதாய், பழுதாய்க் கிடப்பதைப் பிரித்துத் தின்று உயிர் பிழைக்கும். தன்னுண்ணல் என்பது அதன் பெயர். ஒளி தாக்குவதற்கு முன்பே அந்த வேலை ஓடிக்கொண்டிருந்தால், உடைந்த பாகங்களை உடனுக்குடன் அகற்றிச் செல் தப்பிவிடுகிறது. தன்னுண்ணலைத் தடுக்கும் பொருளைச் சேர்த்தேன். பட்டினி போட்ட செல்லும் அதே விளக்கில் செத்தது. வேறு சில செல்களில் தன்னுண்ணல் அளவுமீறி அதுவே கொன்றும் விடுமாம். என் செல்களை அது காப்பாற்றியது. என்னையும்தான்! அதுவே என் ஆய்வேடு. நன்றியுரையில் கஸ்தூரியின் பெயரைக்கூடப் போட்டேன். என்ன நெஞ்சழுத்தம் எனக்கு!

சில வருடம் கழித்து ஒரு சனிக்கிழமை சாயங்காலம், ராஜகீழ்ப்பாக்கம் சந்திப்பில் "அக்கா!" என்று ஒரு குரல். அம்மாவின் மீன்கூடைக்குப் பக்கத்தில் கஸ்தூரி. நாவலூரில் ஒரு பள்ளியில் டீச்சராம். சனிக்கிழமைகளில் அம்மாவுக்குத் துணையாக வந்துவிடுவாளாம். கொஞ்சம் சதை போட்டு, அழகாக இருந்தாள்.

"லேப்ப வுட்டு வந்ததே நல்லதாப் போச்சுக்கா. பசங்க எம்மேல உசுரா கீதுங்க" என்று சிரித்தாள்.

எனக்கு எவ்வளவு நிம்மதி! இப்போது சொல்லிவிடலாம்; இவ்வளவு நிறைவாக இருப்பவள் மன்னித்துவிடுவாள் என்று வாயெடுத்தேன்.

அவள் முந்திக்கொண்டாள். குரலைத் தாழ்த்தினாள். "ஒண்ணு சொல்லணும்க்கா... அந்த மருந்த நான்தான் எப்பவோ வெளிச்சத்துல வெச்சுட்டேன் போல. அன்னிக்கி ஒத்துக்கல. ஆனா யோசிச்சு யோசிச்சுப் பாத்தா அப்படித்தான் இருக்கணும். உங்க வேலையும் வீணாப் போச்சு. மனசுல வெச்சுக்காதீங்கக்கா."

நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"அதெல்லாம் பழசு. விடு கஸ்தூரி."

மன்னித்துவிட்டேன்! அவள் செய்யாத தவற்றுக்கு, நான்... அவளை! அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. முந்தானையால் துடைத்துக்கொண்டு, "யம்மா, அக்காவுக்கு நல்ல வஞ்சிரமாப் பாத்து வெட்டு" என்றாள்.

அன்றைக்கே குழம்பு வைத்தேன். கணவர் இரண்டாம் தடவை சோறு போட்டுக்கொண்டார். நானும்தான். ருசியாக இருந்தது... உங்களிடம் ஏன் மறைக்க வேண்டும், மிகவும் ருசியாக இருந்தது.