கன்னி மூலைக்குப் போன வடிகட்டி

திராட்சைத் தோட்டங்களுக்குச் சொட்டுநீர்க் குழாய் போட்டுக்கொடுக்கிற தொழிலில், புதிதாக ஒன்றை மாட்டுவது பாதி வேலை. மாட்டியதைக் கழற்றி வேறு இடத்தில் மாட்டுவது மீதி. பீரோவை எதிர்ச் சுவருக்கு நகர்த்தி, மறுநாளே பழைய இடத்துக்குக் கொண்டுவந்தவர் நீங்கள் என்றால் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

மூலை

செல்போன் கைக்கு வந்திருந்த புதிது. சின்னமனூரிலிருந்து மார்க்கையன்கோட்டை போகிற சாலையில் ஏலக்காய் வியாபாரி செல்லப்பாண்டி வீடு கட்டினார். கூடவே ஒரு நீச்சல் குளம். தண்ணீரைச் சுத்தம் செய்ய, தோட்டத்துக்குப் போடுகிற அதே மணல் வடிகட்டியை மாட்டிக்கொடுத்தோம். நெஞ்சு உயரத்துக்கு ஒரு பைபர் தொட்டி, உள்ளே மணல். மோட்டார் தண்ணீரை அதற்குள் தள்ளும். அழுக்கு மணலில் தங்கிவிடும்.

அவருடைய மகளுக்கு வரன் தள்ளிக்கொண்டே போனது. வாஸ்து பார்க்கிறவர் வந்து, வடகிழக்கே ஈசானிய மூலையில் நின்ற வடிகட்டியைக் காட்டி, அங்கே பாரம் இருக்கிறவரை பெண் வீட்டைவிட்டு நகராது என்று சொல்லிவிட்டார். தென்மேற்கே கன்னி மூலைக்கு மாற்ற வேண்டும். அதுவும் ஞாயிற்றுக்கிழமைக்குள். அன்று பழனிப் பக்கத்திலிருந்து பெண் பார்க்க வருகிறார்கள். மாப்பிள்ளை நீச்சலில் மெடல் வாங்கியவர்; வீட்டில் குளம் இருக்கிறது என்றதும்தான் கிளம்பவே சம்மதித்தாராம். மோட்டார் சும்மா நின்றால் எங்கள் ஊர் வெயிலுக்குத் தண்ணீர் பச்சையாகிவிடும். "பாரந்தான் ஆகாதுன்னா, குளமும் அங்கனதானண்ணே இருக்கு?" என்று கேட்டேன்.

செல்லப்பாண்டி சொன்னார்: "தண்ணி ஈசானியத்துல இருக்கலாந் தம்பி. அதச் சுத்தம் பண்றதுதான் இருக்கக்கூடாதாம்."

சப்பரம்

வெள்ளிக்கிழமை மொக்கைச்சாமி ஆட்களோடு வந்தார். ஏலக்காய் மூட்டை ஏற்றுகிறவர். மாரியம்மன் திருவிழாவில் சப்பரம் தூக்குவதற்கு அவர்தான் முன்னால் நிற்பார். மணலை முதலில் அள்ளிவிடலாம் என்றேன். அவருக்கு அது அவமானமாகப் பட்டது. "ஆத்தாளையே தூக்குறோம். இந்த ட்ரம்மத் தூக்க மாட்டமா?"

சப்பரத்துக்குக் கட்டுகிற மாதிரியே இரண்டு மூங்கிலைக் குறுக்கே கட்டினார்கள். எலுமிச்சம்பழம் வைத்தார்கள். ஒருவர் குலவை போட முயன்று, தோதுப்படாமல் நிறுத்திக்கொண்டார். எல்லோரும் தோள் கொடுத்து எழுந்தார்கள், வடிகட்டி எழவில்லை. மூங்கில் வில்லாக வளைந்து, சாவகாசமாக முறிந்தது. புல்தரையில் உட்கார்ந்தபடி மொக்கைச்சாமி தொட்டியை வெகுநேரம் பார்த்தார்.

"ஆத்தாளுக்கு வரணும்னு மனசு இருக்குமய்யா. இதுக்கு அது இல்ல."

பாரம்

பிறகு மூடியைக் கழற்றி, பிளாஸ்டிக் செம்பால் மணலை அள்ளித் தார்ப்பாயில் கொட்டினோம். வெள்ளை வெளேரென்று, ரவை மாதிரி ஒரே சீரான மணல். காலித் தொட்டியை மொக்கைச்சாமி ஒருவராகவே தோளில் வைத்துக் கன்னி மூலைக்குக் கொண்டுபோனார். சாயங்காலம் செல்லப்பாண்டியின் மனைவி ராசாத்தியக்கா, "முடிஞ்சிருச்சா தம்பி?" என்று கேட்டார். "ட்ரம்மு போய்ச் சேந்துருச்சுக்கா" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

சனிக்கிழமை காலையில் போனால், தார்ப்பாய் துவைத்துக் கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. மணலைக் காணோம். மாப்பிள்ளை வீட்டாருக்கு வைக்க நிலக்கடலை வறுத்துத் தரச்சொல்லிக் கடலைக்காரரை அக்கா வரவழைத்திருக்கிறார். வந்தவர் மணலைப் பார்த்து வாய்விட்டுப் புகழ்ந்திருக்கிறார். மூட்டை கட்டி அவருடைய வண்டியில் ஏற்றிவிட்டார்கள். குளத்தின் ஓரத்தில் லேசாகப் பச்சை தட்டத் தொடங்கியிருந்தது. நாளைக்குள் அந்த மணல் வேண்டுமே என்றேன். அக்காவுக்கு ஒரு கலக்கமும் இல்லை.

"பாரந்தான ஆகாதுன்னு சொன்னாக? அந்தப் பாரத்தத்தான் அனுப்பிவிட்டேன்."

வாணலி

கடலைக்காரர் பஸ் ஸ்டாண்டு வாசலில் வறுத்துக்கொண்டிருந்தார். வாணலியில் எங்கள் மணல். வண்டிக்கடியில் மூட்டைகளில் எங்கள் மணல். சுற்றி நல்ல கூட்டம். "ஒரு கடலை கருகலய்யா. இந்த வயசுக்கு இப்பத்தான் ஒழுங்கா வறுக்கேன். இதப்போயி கேக்குறீகளே" என்றார்.

பெண்ணின் கல்யாணக் காரியம் இது என்று விஷயத்தைச் சொன்னேன். உடனே அடுப்பை அணைத்தார். மூட்டைகளை எடுத்துத் தந்ததோடு விடவில்லை. வாணலியில் இருந்ததையும் வாங்கிக்கொள்ள வேண்டும் என்று நின்றார். பொம்பளைப் பிள்ளை விஷயத்தில் ஒரு பிடி மணலைக்கூட வைத்துக்கொள்ளக் கூடாதாம். வேண்டாம் வேண்டாம் என்று நான் சொல்லச் சொல்ல, கடலைத்தோலும் உப்புமாக ஆவி பறக்க மூட்டைக்குள் கவிழ்த்தார்.

"தயங்காமக் கொண்டுபோங்க. பச்ச மணலவிட வறுத்த மணல் நல்லா வடிக்கும்."

ஞாயிறு

அந்த மணலை அலசினோம், மறுபடி அலசினோம். தொட்டியில் நிரப்பி மோட்டாரைப் போட்டு, முதலில் வந்த தண்ணீரையெல்லாம் தென்னைக்கு விட்டோம். விடியும்போது குளம் நீலமாகத்தான் இருந்தது. ஆனால் வீடு முழுக்கக் கடலை வறுக்கிற வாசனை.

மாப்பிள்ளை வந்தார். பெண்ணைப் பார்த்தார், காபி குடித்தார், பிடி கொடுக்காமல் எல்லாவற்றுக்கும் "சரிங்க சார்" என்றே செல்லப்பாண்டியிடம் பேசிக்கொண்டிருந்தார். பிறகு குளத்தில் குதித்தார். இந்தக் கரையில் மூழ்கி அந்தக் கரையில் எழுந்தார். காதோரத்தில் ஒரு சிவப்புக் கடலைத்தோல் ஒட்டியிருந்தது. செல்லப்பாண்டி என்னைப் பார்த்தார். நான் கன்னி மூலையைப் பார்த்தேன். மாப்பிள்ளை தோலை எடுத்து முகர்ந்து, விரலை நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத் தலையை உயர்த்தினார். "மாமா, கடலை எங்கன வறுக்குறீக? பசிக்குது."

மாமா! ராசாத்தியக்கா தட்டை எடுக்க உள்ளே ஓடினார். செல்லப்பாண்டி மேல்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் சாய்ந்தார்.

"பாத்தியா தம்பி, கன்னி மூலைக்குப் போனதும் வேலையக் காட்டிருச்சு!"

அதற்கப்புறம் கல்யாணம் தள்ளிப்போகிற வீடுகளிலிருந்தெல்லாம், கன்னி மூலையில் வடிகட்டி வைக்கச் சொல்லி எங்களைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். அவற்றில் ஒன்றில்கூட நீச்சல் குளம் இல்லை.