வண்டியில் நான் மாட்டிய வானத்து ரேடியோ

பதினெட்டு வருடத்துக்கு முந்தி, ஓர் ஆவணி மாதக் காலை. ஒத்தக்கடையில் இருந்து அலங்காநல்லூர்ப் பக்கம் ஒரு காதுகுத்துக்குப் போன வழியில் நடந்தது இது. இத்தனை வருடம் வெளியே சொல்லாததை இப்போது எழுத வைத்தவன், போன வாரம் எங்கள் ஒத்தக்கடை முக்கில் நான் பார்த்த ஒரு காலேஜ் பையன்.

சைடு ஸ்டாண்டை மடக்காமல் வண்டியை விரட்டிக்கொண்டு போனான். ஒரு திருப்பம் போதும், ஆளைத் தூக்கி எறிந்துவிடும். பின்னாலேயே ஹாரன் அடித்துக்கொண்டு போனேன். திரும்பவே இல்லை. சிக்னலில் பிடித்துத் தோளைத் தட்டிச் சொன்னேன். ஸ்டாண்டை மடக்கிக்கொண்டு, "ஹெல்மெட்டுக்குள்ள ப்ளூடூத்துல பாட்டு ஓடுது தாத்தா. அதெல்லாம் உங்களுக்குப் புரியாது" என்றான்.

எனக்கா புரியாது? இவன் பால்குடி மறக்காத காலத்திலேயே, ஓடுகிற வண்டியில் சாட்டிலைட் ரேடியோ மாட்டிப் பாட்டுக் கேட்டவன் நான். மதுரை ஜில்லாவில் வேறு எவனாவது அப்படி ஓட்டியிருந்தால் வந்து சொல்லட்டும், என் மீசையை எடுத்துவிடுகிறேன்.

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். கிணற்றுக்கும் செப்டிக் டேங்குக்கும் இறக்குகிற சிமெண்ட் உறை போடும் இடத்துக்குக் கூலியாகப் போனேன். பத்தே வருடத்தில் சொந்த அச்சு, சொந்தப் பட்டறை. திருமங்கலத்தில் இருந்து மேலூர் வரைக்கும் நான் போட்ட உறை இறங்காத ஊர் இல்லை. எவனும் எனக்குக் கை கொடுக்கவில்லை. அதைச் சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமும் இல்லை.

அந்த ரேடியோவை டவுனில் ஒரு கடையில் பார்த்தேன். ராத்திரி பகல் இல்லாமல், விளம்பரத் தொல்லை இல்லாமல், வானத்தில் இருந்து நேராகப் பாட்டு இறங்கும் என்றார்கள். விவரம் கேட்டதற்கு, கடைக்காரன் என் சட்டையில் ஒட்டியிருந்த சிமெண்டைப் பார்த்துவிட்டு, "இது படிச்ச ஆளுக வாங்குறதுண்ணே" என்றான். எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ அம்புட்டுக் கோபம். அங்கேயே வாங்கினேன். வீட்டில் கிழக்குப் பார்த்த ஜன்னலில் வைத்துத்தான் கேட்க வேண்டும், வண்டிக்கு ஆகாது என்று அடுத்த யோசனையும் சொன்னான். ஆகாது என்று என்னிடம் சொன்னால் நான் சும்மா இருப்பேனா?

அதற்கு ஆன்டெனா என்று சிலேட்டு அளவில் ஒரு பலகை உண்டு. அது எப்போதும் கிழக்கு வானத்தைப் பார்த்திருக்க வேண்டும். நடுவில் மரமோ பாலமோ வந்து மறைத்தால் பாட்டு அறுந்துவிடும். வெல்டிங் பட்டறையில் சொல்லி, ஹேண்டில்பாரின் வலது பக்கம் கண்ணாடி மாதிரி ஒரு கம்பியை நீட்டி, எந்தப் பக்கமும் திருப்புகிற மாதிரி அதில் பலகையை மாட்டினேன். வண்டி பேட்டரியில் இருந்தே கரண்ட். ரெண்டு காதிலும் இயர்போன், அது கழன்றுவிடாமல் மேலே சுற்றி ஒரு துண்டு. அந்தக் கோலத்தில் நான் போகும்போது பஸ்ஸில் இருக்கிற சனம் எல்லாம் எட்டிப் பார்க்கும். சிரித்தார்கள் என்று என் மனைவி சொல்வாள். பொறாமை என்று நான் சொல்வேன்.

காது ரெண்டும் அடைத்திருப்பதால் அவள் பேசுவது எனக்குக் கேட்காது. அதற்கு நாங்கள் ஒரு ஏற்பாடு வைத்திருந்தோம். அவள் பின்னால் ஏறி உட்கார்ந்ததும் என் தோளில் ஒரு தட்டு தட்டுவாள். நான் கிளம்பிவிடுவேன்.

காதுகுத்து என் தங்கை மகளுக்கு, அவர்கள் ஊர்க் கோயிலில். எனக்கு ஒரே தங்கை, அவளுக்கு நான் ஒரே அண்ணன். தாய்மாமன் மடியில் பிள்ளையை உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும் என்பது எங்களில் எல்லாருக்கும் தெரியும். அந்த இடத்தில் வேறு ஆள் உட்கார்ந்தால், பெண்ணுக்குப் பிறந்த வீடு இல்லை என்று ஆகிவிடும். அதிலும் தங்கையின் மாமனாருக்கு என்னைக் கண்டால் எப்போதுமே ஓர் இளக்காரம். சிமெண்ட் குழைக்கிறவன்தானே என்பார். அவர் முன்னால் மாலை போட்டு, ஜம்மென்று உட்கார வேண்டும் என்று ஒரு மாதமாக நினைத்துக்கொண்டிருந்தேன். நல்ல நேரம் பத்தரையோடு முடிகிறது.

சீர்த்தட்டு எல்லாம் சொந்தக்காரர்களோடு முதலிலேயே வேனில் போய்விட்டது. ஒரு பெரிய எவர்சில்வர் அண்டாவை மட்டும் என் மனைவி மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். பிள்ளைக்குப் போட வேண்டிய தங்கத் தோடு, பட்டுப் பாவாடை, என் செல்போன் எல்லாமே அந்த அண்டாவுக்குள்தான்.

டவுனைத் தாண்டி அலங்காநல்லூர் ரோட்டில் ஏறியதில் இருந்தே பாட்டு விட்டு விட்டு வந்தது. எனக்கு எரிச்சல். ஒரு வாய்க்கால் பாலத்தின் மேல் வண்டியை நிறுத்தி, பலகையை அப்படியும் இப்படியும் திருப்பினேன். திடீரென்று கண்ணாடி மாதிரித் தெளிவாகப் பாட்டு வந்தது. நம் கை பட்டால் வராமல் போகுமா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த நேரம் பார்த்துத் தோளில் ஒரு தட்டு. கிளம்பினேன்.

என் வண்டியைப் பற்றி நான் ஊரெல்லாம் சொல்வது உண்டு. பின்னால் ஆள் ஏறினதும் தெரியாது, இறங்கினதும் தெரியாது, அம்புட்டு இழுவை என்று. அன்றைக்கு அது எத்தனை உண்மை என்று கொஞ்ச நேரத்தில் தெரிந்தது.

பாட்டு ஒரு சொட்டு அறுபடவில்லை. தாளம் போட்டுக்கொண்டே போனேன். கொஞ்ச தூரத்தில், பாட்டையும் மீறிப் பின்னால் ஒரு ஹாரன் சத்தம் மெல்லக் கேட்டது. கண்ணாடியில் பார்த்தால், வாழைத்தார் ஏற்றிய ஒரு லோடு ஆட்டோ லைட்டைப் போட்டுப் போட்டு அணைக்கிறது. எனக்கு வந்ததே ஆத்திரம். வாழைத்தார் வண்டி என்னை முந்துவதா? இடது கையைப் பின்னால் நீட்டி, போடா அந்தப் பக்கம் என்று காட்டிவிட்டு முறுக்கினேன். அவன் விடாமல் வந்தான். நானும் விடவில்லை. கடைசியில் அவனைக் கண்ணாடியில் காணோம். ஜெயித்துவிட்டேன் என்று சிரித்தேன்.

கோயிலுக்குத் திரும்புகிற மண்பாதையில் இறங்கியதும் புளியமரங்கள் மறைத்துப் பாட்டு நின்றது. இயர்போனைக் கழற்றி, "எப்படி, பத்து மணிக்குள்ள கொண்டாந்தேன் பாத்தியா" என்றேன். பதில் இல்லை. கோபமாக இருக்கிறாள்போல என்று திரும்பினால், பின்னால் சீட்டுதான் இருந்தது.

அவள் எங்கேயோ விழுந்துவிட்டாள் என்றுதான் நினைத்தேன். வண்டியைத் திருப்பினேன். ரோட்டோரப் பள்ளம், முள்ளுச்செடி, ஒன்று விடாமல் பார்த்துக்கொண்டே போனேன். வாய்க்காலில் அன்றைக்குத் தண்ணீர் கரை தொட்டு ஓடியது. அந்தப் பாலத்துக்கு வந்ததும் வண்டியைப் போட்டுவிட்டுத் தண்ணீரை எட்டிப் பார்த்தேன். கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெண் என் தலைத்துண்டையும் தொங்குகிற ஒயரையும் பார்த்ததுமே கண்டுபிடித்துவிட்டாள்.

"ஏண்ணே, அது நீங்கதானா? அந்தக்கா அண்டாவத் தட்டித் தட்டிக் கூப்புட்டுச்சே. எனக்கே காது அடைச்சிருச்சு. என் ஆடெல்லாம் மெரண்டு ஓடிருச்சு. அப்பறம் ஒரு லோடு ஆட்டோக்காரருதான் ஏத்திக்கிட்டு உங்க பின்னாலயே வெரட்டுனாரு" என்று சொல்லிவிட்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். உயிர் திரும்பி வந்த கையோடு எனக்கு அவள் மேல் கோபமும் வந்தது. சிரிக்க என்ன இருக்கிறது இதில்?

நடந்தது இதுதான். நான் பலகையைத் திருப்பிக்கொண்டிருந்தபோது, சேலை ஓரம் சக்கரத்தில் சிக்கும்போல இருக்கிறதே என்று அண்டாவோடு கீழே இறங்கியிருக்கிறாள். 'இறங்குறேன், இருங்க' என்று சொல்லித் தோளைத் தட்டியிருக்கிறாள். சொன்னது எனக்குக் கேட்கவில்லை. தட்டியதை, ஏறிவிட்டாள் என்று எடுத்துக்கொண்டு போய்விட்டேன். தட்டினால் கிளம்பு என்று சட்டம் போட்டவன் நான்தான் என்பது அப்போது எனக்கு நினைவுக்கு வரவில்லை. சொல்லாமல் இறங்கினாளே என்றுதான் வழியெல்லாம் திட்டினேன்.

கோயிலுக்கு வந்து சேர்ந்தபோது பத்தே காலுக்கு மேல். கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனால், என் இடத்தில், என் மாலையைப் போட்டுக்கொண்டு, சட்டையெல்லாம் வாழைக்கறையோடு ஒருத்தன் உட்கார்ந்திருக்கிறான். அவன் மடியில் என் தங்கை மகள். ஒரு காதில் தோடு ஏறியிருக்கிறது.

நான் போட்ட சத்தத்தில் மேளம் நின்றுவிட்டது. யாரடா நீ, எந்த உரிமையில் உட்கார்ந்தாய் என்று கேட்டேன். கேட்கக் கூடாததையும் கேட்டேன். தங்கையின் மாமனார் இதற்காகவே காத்திருந்த மாதிரி, "வாங்க மாப்ள, பாட்டுக் கச்சேரி முடிஞ்சுதா?" என்றார். கூட்டமே சிரித்தது.

அந்த ஆள் மட்டும் சிரிக்கவில்லை. பிள்ளையை ஒரு கையால் அணைத்துக்கொண்டே, "கோவப்படாதீங்கண்ணே. நாலு கிலோமீட்டர் ஹாரன் அடிச்சேன். நீங்க போடான்னு கையக் காட்டிட்டுப் போறீங்க. நான் என்னதான் செய்ய?" என்றான். அக்கா அழுதுகொண்டே வந்ததால், குறுக்குப் பாதையில் விட்டு நேரத்துக்குள் கோயிலில் சேர்த்தேன் என்றான்.

மிச்சத்தைத் தங்கை சொன்னாள். நேரம் முடியப் போகிறது, தன் தம்பி மடியிலாவது குத்திவிடலாம் என்று மாமனார் பிடிவாதம் பிடித்திருக்கிறார். இவள் மசியவில்லை. மடி என் பிறந்த வீட்டு மடியாகத்தான் இருக்க வேண்டும், என் அண்ணியையும் என் பிள்ளையின் தோட்டையும் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்தவர் எனக்கு அண்ணன்தான் என்று சொல்லி, கிளம்பிக்கொண்டிருந்தவனைக் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்திருக்கிறாள். அவன் தார் இறக்கப் போக வேண்டும், நான் யாரோ என்று எவ்வளவோ மறுத்திருக்கிறான். ஒரு காது குத்தியதும் ஆசாரியின் கையை இவளே பிடித்து நிறுத்தியிருக்கிறாள்.

"இன்னொரு காது உனக்காகத்தான் நிக்கிது. இன்னும் பத்து நிமிசம் இருக்கு. சத்தம் போடாம உக்காருண்ணே" என்றாள்.

அவன் மாலையைக் கழற்றி என்னிடம் நீட்டினான். திரும்பிப் போய்விடலாமா என்று ஒரு கணம் தோன்றியதை மறைக்க மாட்டேன். ஆனால் ஒற்றைத் தோட்டோடு பிள்ளை என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. உட்கார்ந்தேன். அதற்கு மேல்தான் அவமானம். பிள்ளை என்னிடம் வர மாட்டேன் என்றது. நான் போட்ட சத்தத்தில் மிரண்டு, அவன் கொடுத்த வாழைப்பழத்தோடு அவன் சட்டையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டது. கடைசியில் அவனும் என் பக்கத்திலேயே ஒட்டி உட்கார்ந்து, அதன் கையைப் பிடித்துக்கொண்ட பிறகுதான் என் மடிக்கு வந்தது. இரண்டாவது காதை அப்படித்தான் குத்தினார்கள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து வண்டியை விட்டு இறங்கியதும் என் மனைவி கேட்டாள்: "நான் இறங்குனதும் பாட்டு நல்லாக் கேட்டுச்சா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அலங்காநல்லூர் ரோட்டில் போகும்போது கிழக்கு எங்களுக்கு முதுகுப் பக்கம். அந்தப் பாலம் வரைக்கும் வானத்தை மறைத்துக்கொண்டு வந்தது அவளும் அந்த அண்டாவும்தான். அவள் இறங்கியதால்தான் பாட்டுத் தெளிந்தது. என் கைத்திறமை என்று நான் தாளம் போட்டுக்கொண்டு போன அந்தத் தெளிவு, அவள் என் பின்னால் இல்லை என்பதற்கு அடையாளம். மறுநாளே கம்பியை அறுத்தேன். ரேடியோவைப் பட்டறையில் கிழக்கு ஜன்னலில் வைத்தேன், கடைக்காரன் சொன்ன மாதிரியே. அது பாடுகிற வரைக்கும் அங்கேதான் பாடியது.

தங்கை மகளுக்கு வருகிற தை மாதம் கல்யாணம். அவளுக்கு அன்றையிலிருந்து ரெண்டு மாமன்கள். அவன் ஒரு விசேஷம் விட்டதில்லை, ஒவ்வொன்றுக்கும் ஒரு வாழைத்தாரோடு வந்து நிற்பான். கல்யாணத்தில் மாமன் மாலை ஒன்றுதானே என்று யாரோ இழுத்தார்கள். ரெண்டு மாலை, ரெண்டும் ஒரே உயரம், அவனுடையது ஒரு விரற்கடை குறைந்தாலும் நான் மேடை ஏற மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். இதிலும் எனக்குக் கோபம்தான், என்ன செய்ய.

ரோட்டில் பின்னால் ஹாரன் கேட்டால் இன்றைக்கும் முதலில் சுள்ளென்று கோபம்தான் வருகிறது. ஆனாலும் இடது ஓரம் ஒதுங்கி நின்று, நான் விட்டுவிட்டு வந்த யாரை ஏற்றிக்கொண்டு வருகிறானோ என்று திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் போகிறேன்.