படப்பெட்டி வராத மூன்றாம் பாகம்

ஒரு தடவைகூடப் பார்க்காத படத்தை மறுபடியும் பார்க்கப் போகிறோம் என்று மூன்று பெண்கள் கிளம்பி வந்தால் யாராக இருந்தாலும் சிரிப்பார்கள். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

மூன்று பேரும் என் கல்லூரித் தோழிகள். இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால் ஒரே பாசஞ்சர் ரயிலில் விழுப்புரத்துக்குப் படிக்கப் போய்வந்தோம். ஒருத்தி ஒலக்கூரில் ஏறுவாள். நான் திண்டிவனத்தில், அடுத்தவள் மயிலத்தில், கடைசி ஆள் விக்கிரவாண்டியில். ஒலக்கூர்க்காரி எங்களுக்கு முன்பே ஏறிவிடுவதால் ஜன்னலோரமாக நாலு பேருக்கு இடம் பிடிப்பது அவள் வேலை. டிபன் பாக்ஸ், ரெக்கார்டு நோட்டு, துப்பட்டா என்று பரப்பி வைத்துக்கொண்டு, யாராவது உட்கார வந்தால் மூக்கை மேலே தூக்கி ஒரு பார்வை பார்ப்பாள். வந்தவர் அடுத்த கம்பார்ட்மெண்டுக்குப் போய்விடுவார்.

எங்கள் நாலு பேரில் சினிமாவுக்குப் போக முடிந்தவள் நான் ஒருத்திதான். திண்டிவனத்துத் தியேட்டர் ஒன்றில் என் மாமா சைக்கிள் ஸ்டாண்டு எடுத்திருந்தார். டிக்கெட் கிழிப்பவர் என் தலையைப் பார்த்ததும் கதவைத் திறந்துவிடுவார். மற்ற மூன்று வீட்டிலும் தியேட்டர் என்று வாயைத் திறந்தாலே துடைப்பம்தான் பதில் சொல்லும். அதனால் வானத்துக்கு அப்பால் கப்பல் ஓட்டிக்கொண்டு போகிறவர்களின் டப்பிங் படம் வந்தபோது பார்த்தது நான், ரசிகைகள் ஆனது அவர்கள்.

முதல் பாகத்தைச் சொல்ல ஒரு வாரம் ஆயிற்று. அடுத்த வருஷம் இரண்டாம் பாகம் வந்தது, அதற்கும் ஒரு வாரம். விக்கிரவாண்டிக்காரி ஏறும்போது கதை பாதி ஓடியிருக்கும். அவளுக்காக மறுபடி சுருக்கிச் சொல்ல வேண்டும். அதற்குள் முண்டியம்பாக்கம் சர்க்கரை ஆலை வந்துவிடும். வில்லனின் கப்பல் எவ்வளவு பெரிசு என்று அவள் கேட்டபோது நான் ஜன்னல் வழியாக அந்த ஆலையைக் காட்டினேன். அன்றிலிருந்து அவர்கள் மனசில் அந்தக் கப்பல் கரும்புப்பாகு வாசனையோடுதான் பறந்தது.

மூன்றாம் பாகத்தில்தான் நான் செய்த வேலை இருக்கிறது. போஸ்டர் ஒட்டினார்கள், ஆட்டோவில் மைக் கட்டிக் கத்தினார்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போய் உட்கார்ந்தேன். பிலிம் சுருள் இருக்கும் படப்பெட்டி வந்து சேரவில்லை. வந்த கூட்டத்தைத் திருப்பி அனுப்ப மனசில்லாமல், ஆபீஸ் ரூமில் கிடந்த பழைய அம்மன் படம் ஒன்றை எடுத்து ஓட்டினார்கள். முழுசாகப் பார்த்தேன். நல்ல படம்தான், பொய் சொல்லக் கூடாது.

மறுநாள் காலை ரயிலில் இரண்டு பேர் என் வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள், மூன்றாவது ஆள் விக்கிரவாண்டியில் காத்திருந்தாள். பெட்டி வரவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எனக்கு அப்போதெல்லாம் தெரியாது என்று சொல்லிப் பழக்கமில்லை, இப்போதும் அப்படித்தான் என்பார் என் வீட்டுக்காரர். அவிழ்த்துவிட்டேன். கப்பலில் ஒரு மெக்கானிக் பெண் சேர்ந்தாள். அம்மன் கையிலிருந்த சூலம் அவள் கையில் நெருப்பு கக்கும் ஸ்பானராக மாறியது. வேப்பிலை ஒன்றுதான் குறை. அவள் பேர் என்ன என்று மயிலத்துக்காரி கேட்டாள். வெளியே பேரணி ஸ்டேஷன் போர்டு போய்க்கொண்டிருந்தது, மடியில் பிஸ்கட் பாக்கெட் இருந்தது. இதில் பாதி அதில் பாதி எடுத்து ஒட்டி ஒரு பேர் சொன்னேன். கேட்பதற்கு என்னவோ வேறு கிரகத்துப் பேர் மாதிரிதான் இருந்தது.

இரண்டு மணி நேரப் படத்தின் கதை நாலு மாசம் ஓடியது. பரீட்சை வந்து ரயில் பயணம் நின்றபோதுகூட அது முடியவில்லை. பிறகு ஆளுக்கொரு பக்கம் போனோம். சில வருஷம் கழித்து ஒலக்கூர்க்காரிக்குப் பெண் பிறந்தது. போன் பண்ணி, என்ன பேர் வைத்தேன் சொல்லு பார்க்கலாம் என்றாள். அவளே சொன்னாள், அந்த மெக்கானிக் பெண்ணின் பேர். நான் ரிசீவரைப் பிடித்துக்கொண்டு வாழ்த்துகள் என்றேன். வேறு என்ன சொல்வது?

அந்தப் பெண்ணுக்கு இப்போது பதினேழு வயது. பிளஸ் டூ முடித்துவிட்டாள். பள்ளிக்கூடத்தில் பேரைக் கேட்டுச் சிரித்தவர்களுக்கெல்லாம், என்னுது ஒரு ஹீரோயின் பேரு, படம் பாருங்க என்று சொல்லி வளர்ந்தவள். நெட்டில் தேடிப் பார்த்துவிட்டு, அப்படி ஒருத்தி இல்லையே என்று என்னிடம் ஒருமுறை கேட்டாள். தமிழ் டப்பிங்கில் பேரை மாற்றியிருப்பார்கள் என்றேன். ஒரு பொய்யைக் காப்பாற்ற இன்னொன்று. ஆனால் அந்தப் பெண் விடவில்லை. மூன்று பாகமும் தமிழிலேயே ஓடிடியில் வந்திருப்பதைக் கண்டுபிடித்து, நாலு பேருக்கும் வாட்ஸ்அப் குரூப் ஆரம்பித்து, விழுப்புரத்தில் பெரிய டிவி உள்ள வீடு என்று என் வீட்டையே தேர்ந்தெடுத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அம்மாவோடு வந்து இறங்கினாள். என் வீட்டுக்காரர் நிலைமையைப் பார்த்துவிட்டு வளவனூரில் ஒரு காதுகுத்து இருப்பதாகச் சொல்லிக் கிளம்பினார். காதுகுத்தே இல்லை என்று எனக்குத் தெரியும். பொய் சொல்வதில் எங்கள் வீட்டில் நான் தனியாள் இல்லை.

முதல் பாகம் ஆரம்பித்ததும் வசனத்தையெல்லாம் மூன்று பேரும் முன்கூட்டியே சொன்னார்கள். படத்தில் இருந்த வசனம் இல்லை, நான் சொன்ன வசனம். கதாநாயகன் வேறு எதையோ பேசினால் அவனைத் திட்டினார்கள்.

“இன்னாடி இவன் இவ்ளோ குள்ளமா கீறான்? நீ சொன்னப்ப ஆறடின்னு சொன்ன” என்றாள் மயிலத்துக்காரி.

“கப்பலப் பாரு, தண்ணி லாரி மாதிரி. நம்ம சர்க்கரை ஆலை எங்க, இது எங்க!” என்றாள் விக்கிரவாண்டிக்காரி.

ஒலக்கூர்க்காரி மட்டும் வசனத்தோடு நிறுத்திக்கொண்டாள். கணக்கு டீச்சர் அவள். கொண்டையில் சொருகிய பேனாவோடு, விரல் கணுக்களில் எதையோ எண்ணிக்கொண்டு, பரீட்சைக்கு மேற்பார்வை பார்ப்பது போல டிவியைப் பார்த்தாள்.

நானும் என்னால் ஆனதைச் செய்தேன். இரண்டு பாகம் போதும், கண் வலிக்கும் என்றேன். மத்தியானம் பிரியாணி, வேர்க்கடலை, அதுதான் எங்கள் ஊர் மல்லாட்டை, போட்ட கத்திரிக்காய், மேலே தயிர்சாதம், பாயசம் என்று திணித்தேன், எல்லோரும் தூங்கிவிடுவார்கள் என்ற நம்பிக்கையில். தூங்கியது நான்தான், அதுவும் பத்து நிமிஷம். எழுந்து போய் மோடத்தின் ஒயரைப் பிடுங்கிவிட்டு நெட் போய்விட்டது என்று கையை விரித்தேன். அந்தப் பெண் போய்ப் பார்த்து, “ஒயரு லூசா இருந்துச்சி ஆண்ட்டி, சொருகிட்டேன்” என்று வந்தாள். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தெரியாதது எதுவுமில்லை, அதுதான் பேஜாரு.

மூன்றாம் பாகம் ஆரம்பிக்கும் முன் அவள் தன் போனைக் கையில் எடுத்துக்கொண்டாள். தான் திரையில் வரும் நிமிஷத்தை வீடியோ எடுத்துப் பள்ளிக்கூடத்துத் தோழிகள் எல்லோருக்கும் அனுப்ப வேண்டுமாம்.

“பேர மாத்தியிருந்தா எப்பிடிக் கண்டுபுடிக்கிறது?” என்று கேட்டாள்.

மயிலத்துக்காரியும் விக்கிரவாண்டிக்காரியும் போட்டி போட்டுக்கொண்டு அடையாளம் சொன்னார்கள். கொண்டையில் ஒரு சின்ன கருவி சொருகியிருப்பாள். கோபம் வந்தால் மூக்கை மேலே தூக்குவாள். எதைச் செய்யும் முன்பும் விரல் விட்டு எண்ணுவாள். நட்சத்திரமே இடிந்து விழுந்தாலும் தன் இடத்தை விட்டு எழுந்திருக்க மாட்டாள். அந்தப் பெண் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டுப் போனைத் திரைக்கு நேராகப் பிடித்தாள்.

படம் ஓடியது. கப்பல் வந்தது, சண்டை வந்தது, பல் தேய்க்காத மாதிரி ஒரு பூதம் வந்தது. ஒவ்வொரு முறை கதவு திறக்கும்போதும் அந்தப் பெண்ணின் விரல் ரெக்கார்டு பட்டனுக்குப் போய்த் திரும்பியது. அந்த விரலைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு மணி நேரம் கழித்து அவள் கை தானாகத் தாழ்ந்தது. கடைசியில் எழுத்து ஓட ஆரம்பித்தது.

“நடுவுல தூங்கிட்டனா நான்? அவ எப்ப வந்துட்டுப் போனா?” என்று கேட்டாள் ஒலக்கூர்க்காரி.

“வரலம்மா” என்றாள் மகள்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சொல்லிவிட்டேன். படப்பெட்டி வராதது, அம்மன் படம், ஸ்பானர், பேரணி போர்டு, பிஸ்கட், எல்லாவற்றையும் ஒரே மூச்சில்.

மயிலத்துக்காரி சோபாவிலிருந்து கீழே சரிந்து சிரித்தாள். விக்கிரவாண்டிக்காரி தலையணையால் என் முதுகில் நாலு வைத்தாள். “நாலு மாசம்டி! நாலு மாசம் கப்சா வுட்டுக்கினு வந்துகீற. அவ அடிபட்ட அன்னிக்கு நான் சோறு துன்னலடி, பாவி!”

“அப்போ நான் பாதி பிஸ்கட்டா?” என்றாள் அந்தப் பெண். சிரிக்கத்தான் பார்த்தாள். குரல் உடைந்துவிட்டது. என் ஆயுசில் இவ்வளவு வெட்கப்பட்டதில்லை. பதினேழு வருஷமாக ஒரு குழந்தை தலையில் என் புளுகைச் சுமத்தி வைத்திருக்கிறேன்.

ஒலக்கூர்க்காரி சிரிக்கவுமில்லை, திட்டவுமில்லை. விரல் கணுக்களில் எண்ணிக்கொண்டிருந்தாள்.

“அந்த வெள்ளிக்கெழமயும் நீயா சொன்னதுதானா?” என்றாள்.

எந்த வெள்ளிக்கிழமை என்று எனக்குத் தெரியும். அவள் வீட்டில் அடுத்த வேளைக்கு யாராவது கூலிக்குப் போனால்தான் உண்டு. சென்னைப் பக்கம் ஒரு கம்பெனியில் பெண்களை வேலைக்கு எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு அவள் அப்பா சரி சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமை வரைக்கும்தான் காலேஜுக்கு வருவேன் என்று எங்களிடம் சொல்லியிருந்தாள். அந்த வெள்ளிக்கிழமை மாலை திரும்பும்போது, நான் மெக்கானிக் பெண்ணைக் கப்பல் கதவுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினேன். கேப்டன் அவளை இறங்கச் சொல்கிறான். அவள் கை கதவின் பிடியில் இருக்கிறது. அதற்குள் திண்டிவனம் வந்துவிட்டது. மீதி திங்கட்கிழமை என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன்.

“எங்க அப்பாகிட்ட ஒரு நாள், திங்கக்கெழம மட்டும் போய்ட்டு வந்துர்றேன்னு அழுதேன். அப்பறம் செவ்வா. அப்பறம் புதன். கம்பெனி வண்டி வேற ஆளுங்கள ஏத்திக்கினு போயிடுச்சி. எங்கப்பா வுட்டுட்டாரு” என்றாள். பிறகு கேட்டாள். “அப்போ திங்கக்கெழம கத உனக்கே தெரியாதா?”

“தெரியாது. ஞாயித்துக்கெழம முழுக்க யோசிச்சிக்கினு உக்காந்திருந்தேன்.”

“எனுக்காகவா?”

“உனக்காக இல்லடி. நீ வரலன்னா எனுக்கு யாரு சீட்டு போட்டு வெக்கிறது?”

அது பாதி உண்மைதான். திங்கட்கிழமை காலை ரயில் திண்டிவனத்துக்குள் நுழைந்தபோது ஜன்னலில் அவள் முகத்தைத் தேடிய அந்தப் பத்து விநாடியை நான் இன்னும் மறக்கவில்லை. பயந்துபோயிருந்தேன். முகம் தெரிந்ததும் எனக்கு அழுகை வந்தது. கண்ணில் கரித்தூள் விழுந்துவிட்டது என்று சொன்னேன். டீசல் எஞ்சினில் ஏது கரித்தூள்? யாரும் கேட்கவில்லை.

ஒலக்கூர்க்காரி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். துடைத்துக்கொண்டே, அழுதது யாருக்கும் தெரியக் கூடாது என்று மூக்கை மேலே தூக்கினாள்.

அந்தப் பெண் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மாவின் கொண்டையைப் பார்த்தாள். விரல்களைப் பார்த்தாள். என் பக்கம் திரும்பி ஒரு நிமிஷம் பார்த்தாள். அந்த அடையாளங்களையெல்லாம் எங்கிருந்து எடுத்தேன் என்று அன்றைக்கு நான் யோசிக்கவில்லை. எதிர் சீட்டில் உட்கார்ந்திருந்தவளைப் பார்த்துச் சொன்னேன், அவ்வளவுதான்.

மெதுவாகப் போனைத் தூக்கி, அம்மாவுக்கு நேராகப் பிடித்து, ரெக்கார்டு பட்டனை அழுத்தினாள்.

“என்ன எதுக்குடி எடுக்கிற? படந்தான் முடிஞ்சிடுச்சே” என்றாள் ஒலக்கூர்க்காரி.

“அவ வந்துட்டாம்மா” என்றாள் மகள்.